"அதே சீன்தான், கருவி மட்டும் மாறுது" என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் திரைக்கதை எழுதுபவர்களுக்கும் அதைப் படமாக்கும் இயக்குநர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் உதவி இயக்குநர், நல்ல பையன். "அண்ணே, கோச்சுக்காதீங்க. அண்ணன் கேரக்டருக்கு மிருதங்கம் வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. கிட்டார்னு மாத்தியாச்சு. மிருதங்கம் ஃபிரேம்ல உக்கார மாட்டேங்குதாம்" என்றார். அப்போ அந்தக் கச்சேரிக் காட்சி என்ன ஆகும் என்று கேட்டேன். "அதே சீன்தாண்ணே. கருவி மட்டும் மாறுது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். படத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ நான் சொல்லப்போவதில்லை. இருபத்தெட்டு வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். நடுவில் பத்துப் பன்னிரண்டு தடவை படப்பிடிப்புகளுக்கு 'ஆலோசகர்' என்று போயிருக்கிறேன். இதையே வேறு வேறு வாயிலிருந்து கேட்டாகிவிட்டது. "ஏதாவது ஒரு வாத்தியம் கையில இருந்தா போதும் சார்." "சவுண்டை அப்புறம் போட்டுக்கலாம்." அதனால் இதை ஒருவர் மேல் சொல்லும் புகாராக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தியவன். தங்கையைப் படிக்க வைத்து, பாட்டும் கற்க வைத்தவன். அதிகம் பேச மாட்டான். கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அரை மணி நேரம் கழித்து வருவான். அவன் மிருதங்கம் வாசிப்பவன் என்று திரைக்கதையில் இருந்தது. எழுதியவர் யோசித்து எழுதினாரா, கைபோன போக்கில் எழுதினாரா, எனக்குத் தெரியாது. சரியாக எழுதியிருந்தார். படித்ததும் 'ஆமா, இவன் எங்க ஆளு' என்று பட்டது.

ஏன் பட்டது என்று சொல்கிறேன். பாடுபவர் எந்தச் சுருதியில் பாடுகிறாரோ அதற்குத்தான் எங்கள் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது பக்கம், சேர வேண்டும். உயர்ந்த சுருதிக்கு ஒன்று, தாழ்ந்த சுருதிக்கு ஒன்று என்று இரண்டு மூன்று மிருதங்கம் வைத்திருப்போம். கச்சேரிக்கு முன்னால் கல்லும் கட்டையுமாக உட்கார்ந்து விளிம்பைத் தட்டித் தட்டிச் சேர்ப்போம். நடுவில் மேடை விளக்குச் சூட்டில் தோல் இறுகிச் சுருதி ஏறிவிட்டால், பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாமல் இன்னொரு தடவை தட்டிக்கொள்வோம். இடது பக்கம், அதாவது தொப்பியில், ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அப்ப வேண்டும். முடிந்ததும் சுரண்டிவிட வேண்டும். அடுத்த கச்சேரிக்கு மறுபடி முதலிலிருந்து. நேற்று எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் இன்றைக்கு அதற்கு ஒரு சலுகையும் கிடையாது. அந்த வீட்டு மூத்த பிள்ளையின் வாழ்க்கையும் இதுதானே?

இன்னொன்றையும் பாருங்கள். மேடையில் பாடுபவர் சபையைப் பார்த்து உட்காருவார். மிருதங்கக்காரன் அவருக்கு வலப்பக்கம், அவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவான். சபைக்குத் தெரிவது அவனுடைய வலது கையும் ஒரு பக்கத்து முகமும்தான். ஃபிரேமில் மிருதங்கம் உட்கார மாட்டேன் என்கிறது என்றீர்களே, அவன் ஃபிரேமுக்கு முகம் கொடுக்காதவன். அதுதான் பாத்திரம்!

அண்ணனாக நடிக்க இருந்த நடிகரை மூன்று நாள் பழக்கினேன். சிரத்தையான ஆள். முதல் நாள் முழுக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். த, தி, தொம், நம் என்ற நான்கு அடிப்படைச் சொற்களும் ஒருவாறு வந்தன. இரண்டாம் நாள் ஆள்காட்டி விரல் சிவந்து வீங்கி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டே பயிற்சி எடுத்தார். மூன்றாம் நாள் காலையில் அவரிடம், "கையை விடுங்க. தங்கச்சியா நடிக்கிறவங்க முகத்தைப் பாருங்க. அவங்க எப்போ மூச்சு எடுக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க" என்றேன்.

கழுத்து அரை அங்குலம் முன்னால் வந்தது. தாடை ஒரு பக்கமாகத் திரும்பியது. கண் அந்தப் பெண்ணின் தொண்டைக்குழியில் போய் நின்றது. ஓரமாகப் போனோடு நின்றிருந்த நடிகை, யாரும் சொல்லாமலே போனைப் பையில் போட்டுவிட்டு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அறையில் ஒரு வசனம் இல்லை. அண்ணனும் தங்கையும் வந்துவிட்டார்கள். எனக்கு அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. கை பிசகியது, அது வேறு விஷயம்.

இப்போது, நீங்கள் 'அதே சீன்' என்று சொன்ன காட்சிக்கு வருகிறேன். தங்கையின் முதல் கச்சேரி. அண்ணன் பக்கவாத்தியம். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், தாளத்தின் முதல் அடியான சமத்தில் இல்லாமல் தள்ளி வருகிற கீர்த்தனை. சுரம் பாடும்போது அவளுக்குத் தாளம் தப்புகிறது. கை தொடையில் போட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. முகம் வெளிறுகிறது. இந்த இடத்தில் ஒரு மிருதங்கக்காரன் என்ன செய்வான்? அலங்காரத்தையெல்லாம் கீழே போட்டுவிடுவான். வெறும் சர்வலகு, அதாவது நேரான எளிய நடை, குழந்தைக்குக் கூடப் புரிகிற மாதிரி. சமம் வரும்போது தொப்பியில் ஒரே ஒரு தொம், கொஞ்சம் அழுத்தி. அப்புறம் எடுப்பு விழ வேண்டிய இடத்தில் கையை ஒரு நொடி தூக்கி வழி விடுவான். அவள் அந்த வழியில் வந்து சேர்ந்துவிடுவாள். சபையில் ஒருத்தருக்கும் தெரியாது. இதை நான் வாசித்த கச்சேரிகளில் எத்தனை தடவை செய்திருக்கிறேன் என்று சொன்னால் பாடகர்கள் சிலர் என்னோடு பேச மாட்டார்கள்.

அன்று இரவு வீட்டில் தங்கை கேட்கிறாள்: "அண்ணா, நான் இன்னிக்குத் தாளம் விட்டேன்ல?" அண்ணன் மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டே சொல்கிறான்: "எப்போ?"

அந்தத் திரைக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த வசனம் அது. புதிய வடிவத்தில் அது இல்லை. அண்ணன் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கிறான். தங்கை திணறும்போது அவளைப் பார்த்துச் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்துகிறான். அவள் தைரியம் பெற்றுப் பாடி முடிக்கிறாள். கைதட்டல். ஓடிவந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அப்புறம் வீட்டில் போய் "எப்போ?" என்று கேட்க அவனுக்கு வாயில்லை.

நான் கிட்டாருக்கு எதிரி இல்லை. என் மகள் வாசிக்கிறாள். கிட்டாருக்கு என்று ஒரு குணம் உண்டு. மெட்டும் அதிலேயே, கார்டும் அதிலேயே, தாளமும் அதிலேயே வரும். வேண்டுமானால் வாசித்துக்கொண்டே பாடலாம். நெஞ்சோடு அணைத்துக்கொள்கிற கருவி. கதவைச் சாத்திவிட்டால் அதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை. மதிப்பெண் குறைந்து வந்த ஒரு நாள் என் மகள் அறையைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாசித்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மிருதங்கத்தை வைத்துக்கொண்டு அப்படித் துக்கம் ஆற்ற முடியாது. தனியாக உட்கார்ந்து வாசித்தால் அதற்குச் சாதகம், அதாவது பயிற்சி, என்றுதான் பெயர். ஆக, அண்ணன் கிட்டார்காரன் என்றால் அவன் வேறு ஆள். மொட்டை மாடியில் ராத்திரி தனியாக உட்காருகிறவன். வீட்டுக்காகத் தான் விட்டுக்கொடுத்ததை எல்லாம் தனக்குள்ளேயே வாசித்துப் பார்த்துக்கொள்கிறவன். அவனும் நல்ல பாத்திரம்தான். அவனுக்கு வேறு காட்சி எழுத வேண்டும்.

கருவியின் குணம் என்று நான் சொல்வது அதன் ஓசை இனிமையா கரடுமுரடா என்பது இல்லை. தன்னை வாசிப்பவனின் உடம்பிடம் அது தினமும் என்ன கேட்கிறது என்பதுதான். நாகஸ்வரத்தைப் பாருங்கள். ஆச்சா மரத்தில் கடைந்தது. ஊதும் முனையில் செருகும் சீவாளியை வாயில் ஊற வைத்து, அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து ஊத வேண்டும். திறந்த வெளிக்குப் பிறந்த ஓசை அது. சின்ன அறையில் மெள்ள வாசி என்றால் கேட்காது. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் சிக்கல் சண்முகசுந்தரம் இன்றும் நம் கண்ணில் நிற்கிறார் என்றால் காரணம் அதுதான். கர்வம், முன்கோபம், ஊதினால் எல்லாரும் நின்று கேட்க வேண்டும் என்ற பிடிவாதம், எல்லாம் அந்தக் குழலுக்குள் இருக்கிறது. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நடித்தவர் சிவாஜி. கன்னம் உப்புவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்க்கும்போது மூச்சும் உடம்பும் ஒரே ஆளுடையவை என்று நம்பிவிடுகிறோம். அந்தச் சண்முகசுந்தரத்தின் மடியில் ஒரு வீணையை வைத்து 'அதே சீன்தான்' என்று சொல்லிப் பாருங்கள்.

வயலினுக்கு, விரல் வைக்கிற இடத்தைக் காட்டும் மெட்டுகள் கிடையாது. விரல் மயிரிழை நகர்ந்தால் அபசுரம். பக்கவாத்தியமாக வாசிப்பவர், பாடுபவரின் சங்கதி முடிவதற்குள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிழல் மாதிரி பின்னாலேயே போக வேண்டும். எனக்குத் தெரிந்த வயலின்காரர்களில் பாதிப் பேர் சாதாரணப் பேச்சிலும் நாம் சொல்ல வந்ததை நமக்கு முன்னால் முடித்துவைப்பார்கள். (படித்தால் கோபித்துக்கொள்வார்கள். இந்த வாக்கியத்தையும் பாதியிலேயே அவர்கள் முடித்திருப்பார்கள்.) இப்படி ஒரு மனிதரைத் திரையில் பார்க்க எனக்கு எவ்வளவோ ஆசை. நீங்களோ வயலினைக் கண்ணீர் வரும்போது மட்டும் கூப்பிடுகிறீர்கள்.

வீணையைப் பற்றி என்ன சொல்ல? பெண் பார்க்க வரும் காட்சி, குனிந்த தலை, மடியில் வீணை. சாதுவான பெண் என்று அர்த்தமாம். ராவணனின் கொடியில் இருப்பது எது? கம்பர், முதல் நாள் போரில் தோற்ற ராவணன் எதையெல்லாம் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்பினான் என்று அடுக்கும்போது, 'வரையினை எடுத்த தோளும்' என்பதற்கு அடுத்தாற்போல 'நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்' என்கிறார். மலையைப் பெயர்த்த தோளும் இசை தெரிந்த நாவும் ஒரே ஆளுக்கு. வில்லனுக்குப் போய் சங்கீதமா என்று அவர் தயங்கவில்லை. வீணையோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியமும் இருக்காது. 24 மெட்டுகள். மீட்டிய ஓசை சீக்கிரம் அடங்கிவிடும். அடங்குவதற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த சுரத்தை அதிலிருந்தே வாங்க வேண்டும். அதற்கு விரலில் பலம் வேண்டும், மனசில் பிடிவாதம் வேண்டும். வீணைக்காரர்களின் இடது கை விரல் நுனியில் தந்தி அறுத்த கோடு கறுத்துக் கிடக்கும். அந்தப் பெண்ணின் விரலை ஒரே ஒரு தடவை குளோசப்பில் காட்டுங்கள். மாப்பிள்ளை கொஞ்சம் யோசிப்பான்.

பறையைச் சாவுக் காட்சிக்கும் குத்தாட்டத்துக்கும் மட்டும் கூப்பிட்ட வழக்கம் சமீப வருடங்களில் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பறை அடிக்கிறவர் உங்கள் படங்களில் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருகிறார். பெயரோடு, வீட்டோடு, ஒரு தனி ஆளாக வருவது குறைவு. தீயில் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காய்ச்சி, காது சரி என்று சொன்ன பிறகு எழுந்து நிற்கிற அந்த மனிதரின் பொறுமையை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் படமாக்குவதில்லை. அடிக்க ஆரம்பித்த பிறகுதான் கேமரா வருகிறது.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், மரம், விலங்கு, பறவையோடு பறையையும் யாழையும் சேர்த்துத்தான் சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி என்று அப்புறம் வகை பிரித்தார்கள். ஆள் எந்த நிலத்துக்காரர் என்று தெரிந்தால் பின்னால் என்ன ஒலிக்கும் என்பதும் தெரியும்.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியைத் திரைக்கதை வகுப்புகளில் பாடமாக வைக்கலாம் என்பது என் எண்ணம். கடற்கரையில் மாதவி யாழை வாங்கிச் சரிபார்த்துக் கோவலனிடம் கொடுக்கிறாள். அவன் வாசித்துப் பாடுகிறான். இவன் மனசில் வேறு யாரோ இருக்கிறாள் என்று அவளுக்குப் படுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. யாழை வாங்குகிறாள், தன் மனசிலும் வேறொருவன் இருப்பது போலப் பாடுகிறாள். அவ்வளவுதான், பிடித்த கையை விட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறான். 'யாழிசைமேல் வைத்து' ஊழ்வினை வந்தது என்கிறார் இளங்கோ. யோசித்துப் பாருங்கள், ஒரே யாழ் இரண்டு கை மாறுகிறது. அவன் கையில் இருந்தபோது விளையாட்டு, அவள் கைக்கு வந்ததும் பதிலடி. வாயால் கேட்டிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். அந்த யாழைக் கலை இயக்குநர் பட்டியலில் 'பிராப்பர்ட்டி, ஒன்று' என்று எழுதிவிட முடியுமா?

"பின்னணி இசையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி வைக்கிறோமே, அது போதாதா?" என்று ஒரு இயக்குநர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. அது இசையமைப்பாளரின் வேலை, அதுவும் சும்மா இல்லை. ரஷ்யாவின் புரோகோஃபியெவ் 1936-இல் குழந்தைகளுக்காக 'பீட்டரும் ஓநாயும்' என்று ஒரு இசைக்கதை செய்தார். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஹார்ன். ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. கதையின் கடைசியில், ஊர்வலமெல்லாம் போன பிறகு, அந்த ஓபோ ஓசை மெலிதாகக் கேட்கிறது. ஓநாயின் வயிற்றுக்குள் வாத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. வாத்துக்கு ஓபோ என்று அரை மணி நேரமாகக் காதில் ஏற்றி வைத்திருப்பதால்தான் அந்த இடம் நடக்கிறது. முடிக்கும் நேரத்தில் யாராவது வந்து ஓபோவுக்குப் பதில் வேறொன்றை வாசித்தால், வயிற்றுக்குள் இருப்பது யார் என்று எந்தக் குழந்தைக்குத் தெரியும்?

சரி, இதை எழுதிக்கொண்டே வரும்போது எனக்கே ஒரு பயம் வந்தது. மிருதங்கம் என்றால் பொறுமைசாலி, கிட்டார் என்றால் தனியாள் என்று நானும் உங்களைப் போல முத்திரை குத்துகிறேனோ என்று. என் குருநாதரை நினைத்துக்கொண்டேன். அவர் மகா முன்கோபி. ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு தடவை சுருதிக்கல்லைத் தூக்கி எறிந்தார், சுவரில் பட்ட தடம் கடைசி வரை இருந்தது. அதே மனிதர், கை நடுங்கும் ஒரு புதுப் பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும்போது பூனை நடப்பது போல வாசிப்பார். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் வழக்கமான நேரத்தில் பாதியில் முடித்துவிடுவார், அந்தப் பெண்ணுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் சங்கடம் நீளக் கூடாது என்று. எது நிஜமான அவர்? வீட்டில் கல்லை எறிந்தவரா, மேடையில் கையை அடக்கியவரா? அந்த இடைவெளியில்தான் பாத்திரம் இருக்கிறது. கருவி ஆளுக்குக் கண்ணாடி என்றால், எந்தக் கண்ணாடி நேராகக் காட்டியிருக்கிறது? இடம் வலமாகத்தானே தெரியும்.

ஷெர்லாக் ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அவர் கையில் வயலின் இருக்கிறது. அறிவே உருவானவர், துப்பு துலக்குவதில் கணக்குத் தவறாதவர். அப்படிப்பட்டவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி, வயலினை முழங்கால் மேல் குறுக்கே போட்டுக்கொண்டு, மெட்டே இல்லாமல் எதையோ இழுத்துக்கொண்டிருப்பார் என்று அவருடைய நண்பர் வாட்சன் எழுதுகிறார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்தான், நண்பர் கேட்டால் முழுப் பாட்டும் வாசிப்பார். தனியாக இருக்கும்போது மட்டும் இப்படி. அந்தத் தலைக்குள் இருக்கும் ஒழுங்கற்ற ஒரு மூலையை அந்த வயலின் காட்டிக் கொடுக்கிறது. கதையில் அந்த வயலின் ஒரு துப்பைக்கூடக் கண்டுபிடிப்பதில்லை. அதை எடுத்துவிட்டால் அவர் ஒரு கணக்கு எந்திரம் ஆகிவிடுவார்.

சின்னச் சின்னத் தப்புகளை இங்கே அதிகம் பேச விரும்பவில்லை. வலது கை வலந்தலையில் விழும்போது இடது கை எழுப்ப வேண்டிய தொப்பியின் கும்கி ஒலி கேட்பது, இசை மேலே ஏறிக்கொண்டே போகும்போது வீணைப் பெண்ணின் இடது கை அசையாமல் ஒரே மெட்டில் நிற்பது, அந்தக் கையில் நீள நகம், புல்லாங்குழலில் துரித காலம் போகும்போது அமைதியாகத் தூங்கும் விரல்கள். பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். பாதி உண்மை. எது தப்பு என்று தெரியாது. ஆனால் அந்த ஆளை நம்பாமல் போய்விடுகிறார்கள், ஏன் என்று சொல்லத் தெரியாமலே.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

பாத்திரம் எந்தக் கருவி வாசிக்கிறது என்பதைத் திரைக்கதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததும் அதை வாசிக்கும் ஒருவரோடு ஒரு நாள் உட்காருங்கள். படப்பிடிப்புக்கு முந்தின வாரம் விரல் எங்கே வைப்பது என்று காட்ட எங்களைக் கூப்பிடுவது போதாது. கச்சேரி முடிந்த ராத்திரி தூக்கம் வருமா, கருவியை யார் தொட்டால் எரிச்சல் வரும், எந்தப் பாடகருக்கு வாசிக்கப் பயம், கை ஓயும் வயதில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்குக் காட்சி அங்கேதான் கிடைக்கும். விரல் வைப்பது யூடியூபிலேயே இருக்கிறது.

கருவியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். தேதி, செலவு, நடிகரின் கைவாகு என்று உங்களுக்கு ஆயிரம் நெருக்கடி இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் காட்சியைத் திரும்ப எழுதாமல் மாற்றாதீர்கள்.

நடிகருக்குக் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். வாசிக்கக் கற்க ஒரு மாதம் போதாது. கருவியை உறையிலிருந்து எடுக்க, மடியில் வைக்க, வாசிக்காமல் சும்மா பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார, அதற்குப் போதும். படத்தொகுப்பு முடிந்ததும் அந்தக் காட்சிகளை மட்டுமாவது ஒரு வாத்தியக்காரருக்குப் போட்டுக் காட்டுங்கள். திரையில் யாருடைய கை ஒலிக்கிறதோ அவர் பெயரை, நடித்தவர் பெயருக்குப் பக்கத்தில், படிக்கிற வேகத்தில் போடுங்கள். மிருதங்கக்காரரைத் தொப்பையும் குறட்டையுமாகக் காமெடிக்கு வைப்பதைக் கொஞ்ச நாளைக்காவது நிறுத்திவையுங்கள்.

கடைசியாக, எனக்குப் போன் செய்த அலுவலகத்துக்கு. படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணனுக்கு மிருதங்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். கிட்டார்தான் என்று உறுதியாக இருந்தால், "எப்போ?" என்ற அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லும் உரிமை அவனுக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு காட்சியைக் கிட்டாருக்குள் தேடுங்கள். தேடினால் கிடைக்கலாம். நானும் வருகிறேன், என் மகளையும் அழைத்து வருகிறேன், பணம் வேண்டாம்.

அது எப்படி முடிவானாலும், பயிற்சிக்குக் கொடுத்த என் மிருதங்கம் இன்னும் உங்கள் மாடி அறையில்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் அவசரத்தில் தொப்பியில் இருந்த ரவையைச் சுரண்டாமல் வந்துவிட்டேன். இந்நேரம் காய்ந்து ஒட்டியிருக்கும், அப்படியே விட்டால் தோல் கெட்டுவிடும். கத்தி வைத்துச் சுரண்ட வேண்டாம். ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு, ஊறியதும் விரலாலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த நடிகரிடம் சொன்னால் செய்வார், அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்கக்காரன்